யார் நம்மைச் சுட்டுகிறார்கள்?
வாசகர் கேள்வி – பதில்

இணையதளம் வைத்திருக்கும் வாசகர்கள் சந்தேகங்களை அனுப்பலாம் என்று போன இதழில் கேட்டிருந்தோம். வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே விஷயத்தைப் பற்றித்தான்: பேக்லிங்க். வேறொருவரின் தளத்திலிருந்து உங்கள் பக்கத்துக்கு வரும் லிங்க்குக்குத்தான் அந்தப் பெயர். அதனால் இந்த இதழ் முழுக்க அதற்கே. கடிதங்களில் அடிக்கடி வரும் சர்ச் கன்சோல், நம் தளம் தேடலில் எப்படி இருக்கிறது என்று கூகுளே இலவசமாகக் காட்டும் கருவி.

திருப்பூரில் பனியன், டி-ஷர்ட் மொத்த வியாபாரம் செய்கிறோம். தளம் ஆரம்பித்து நாலு வருஷம் ஆகிறது. போன வாரம் கூகுள் சர்ச் கன்சோலைத் திறந்து பார்த்தால், ரஷ்ய மொழியிலும் சீன மொழியிலும் இருக்கும் தளங்கள், சூதாட்டத் தளங்கள் என்று நூற்றுக்கணக்கில் எங்களுக்கு லிங்க் கொடுத்திருக்கின்றன. நாங்கள் யாரிடமும் கேட்கவில்லை. அடுத்த நாளே ஒரு நிறுவனத்திலிருந்து போன் வந்தது. "உங்கள் தளத்தில் டாக்ஸிக் லிங்க் நிறைய இருக்கிறது, எடுக்காவிட்டால் கூகுள் தூக்கிவிடும், 18,000 ரூபாய் ஆகும்" என்கிறார்கள். கொடுக்கலாமா? – திருப்பூர் வாசகர்

கொடுக்காதீர்கள். அந்தப் பணத்துக்கு உங்கள் துணிகளை நல்ல வெளிச்சத்தில் போட்டோ எடுத்துப் போட்டாலே அதிகப் பலன் கிடைக்கும்.

இந்தப் பயம் எங்கிருந்து வந்தது என்று தெரிந்துகொண்டால் பாதிக் கவலை போய்விடும். பின்னால் கூகுளைத் தொடங்கிய லாரி பேஜும் செர்ஜி பிரின்னும் 1996-ல் ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தில் தொடங்கிய தேடல் ஆராய்ச்சிக்கு முதலில் வைத்த பெயரே 'பேக்ரப்'. ஒரு ஆய்வுக் கட்டுரையை எத்தனை பேர், எப்பேர்ப்பட்டவர்கள் மேற்கோள் காட்டுகிறார்கள் என்று பார்த்து அதன் மதிப்பைச் சொல்வதுபோல, ஒரு பக்கத்துக்கு யார் யார் லிங்க் கொடுக்கிறார்கள் என்று பார்த்து அதன் மதிப்பைக் கணக்கிடலாம் என்பதுதான் அவர்கள் யோசனை. அப்படியானால் லிங்க் என்பது ஒரு ஓட்டு. ஓட்டு என்றால் கள்ள ஓட்டும் வரும்தானே? வந்தது. பணம் கொடுத்து ஆயிரக்கணக்கில் லிங்க் வாங்கி மேலே ஏறினார்கள். 2012 ஏப்ரல் 24 அன்று கூகுள் 'பெங்குவின்' என்ற மாற்றத்தைக் கொண்டுவந்து அப்படி ஏறியவர்களைக் கீழே இறக்கியது. ஆங்கிலத் தேடல்களில் சுமார் 3.1 சதவீதம் பாதிக்கப்படும் என்று அவர்களே சொன்னார்கள். ஒரே ராத்திரியில் வியாபாரம் படுத்துப்போனவர்கள் பலர். நமக்கு வரும் லிங்க்குகளில் வேண்டாதவற்றைக் கணக்கில் எடுக்காதே என்று நாமே கூகுளுக்குச் சொல்லும் 'டிஸ்அவோ' வசதி அதே வருஷம் அக்டோபரில் வந்தது.

ஆனால் 2016 செப்டம்பரில் பெங்குவினின் நான்காவது பதிப்பு வந்தபோது விஷயம் மாறிவிட்டது. கெட்ட லிங்க் வந்தால் தளத்தையே தண்டிப்பதை விட்டுவிட்டு, அந்த லிங்க்கை மட்டும் மதிக்காமல் விடுவது என்று ஆனது. உங்களுக்குப் போன் செய்தவர் விற்பது 2013-ல் நியாயமாக இருந்த ஒரு பயத்தை. அது அப்போது உண்மை, இப்போது உங்கள் நிலைமைக்குப் பொருந்தாது.

அந்த ரஷ்ய, சீனத் தளங்கள் பெரும்பாலும் ஆள் இல்லாமல் ஓடுபவை. படங்களைச் சுரண்டி எடுத்துப் போடும் தளம், எல்லா டொமைன் பெயரையும் வரிசையாக அடுக்கி வைத்திருக்கும் டைரக்டரி, தேடல் முடிவுகளை அப்படியே நகலெடுக்கும் பக்கம், இப்படி. நாலு வருஷமாக உயிரோடு இருக்கும் எந்தத் தளத்தைத் திறந்தாலும் இதெல்லாம் ஒட்டிக்கொண்டிருக்கும்.

நீங்கள் பார்க்க வேண்டியது வேறு. சர்ச் கன்சோலின் இடது பக்கப் பட்டியலில் 'மேனுவல் ஆக்‌ஷன்ஸ்' என்று ஒன்று இருக்கும், அதைத் திறங்கள். பிரச்சினை எதுவும் இல்லை என்று பச்சை டிக் இருந்தால், கூகுள் ஊழியர் யாரும் உங்கள் தளத்தின் மேல் கை வைக்கவில்லை என்று அர்த்தம். அப்புறம் 'பெர்ஃபாமன்ஸ்' பக்கத்துக்குப் போய், 16 மாதக் கணக்கையும் எடுத்து வைத்துக்கொண்டு, வருகை எப்போதாவது சட்டென்று விழுந்திருக்கிறதா என்று பாருங்கள். விழவில்லையா? சரி, அந்த லிங்க்குகளை அப்படியே விட்டுவிட்டு வேலையைப் பாருங்கள்.

எங்கள் தளத்தின் டிஏ 14. அதை 40 ஆக்க என்ன வழி? – சேலம் வாசகர்

டிஏ (டொமைன் அத்தாரிட்டி) என்பது, ஒரு தளம் தேடலில் எவ்வளவு மேலே வரக்கூடும் என்று மோஸ் என்ற நிறுவனம் தன் கணக்கில் போடும் மார்க். ஏஹெச்ரெஃப்ஸ் என்ற இன்னொரு நிறுவனம் போடுவது டிஆர், அதுவும் அப்படித்தான். இரண்டையும் கூகுள் பயன்படுத்துவதில்லை. உங்கள் ஊரிலேயே அதே தொழிலில் இருப்பவரோடு ஒப்பிட்டுப் பார்க்க உதவும், அவ்வளவுதான். 40 ஆக்கித் தருகிறேன் என்று யாராவது காசு கேட்டால், அடுத்த கடிதத்தைப் படியுங்கள்.

நாச்சியார்கோவிலில் குத்துவிளக்கு வார்ப்பது எங்கள் குடும்பத் தொழில். இரண்டு வருஷத்துக்கு முன் என் தம்பி ஒரு ஏஜென்சியிடம் தளத்தை ஒப்படைத்தான். மாதம் 500 பேக்லிங்க் என்று பேக்கேஜ். ஆறு மாதம் நன்றாக ஏறியது, வெளிநாட்டு ஆர்டர்கூட வந்தது. போன மாதம் சர்ச் கன்சோலில், தளத்துக்கு இயல்பற்ற லிங்க்குகள் வருவதாக எச்சரிக்கை வந்திருக்கிறது. இப்போது எங்கள் கடைப் பெயரைத் தேடினால்கூட நாங்கள் மேலே இல்லை. ஏஜென்சி போனை எடுப்பதில்லை. அப்பா கேட்டுக்கொண்டே இருக்கிறார், என்ன பதில் சொல்வது என்று தெரியவில்லை. – கும்பகோணம் பக்கமிருந்து ஒரு வாசகி

உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். முதலில் அப்பாவிடம் சொல்ல வேண்டியது: இது சரிசெய்யக் கூடியது, ஆனால் சில மாதம் ஆகும். நீங்கள் தனியாகவும் இல்லை. அமெரிக்காவில் ஜே.சி. பென்னி என்று நூறு வருஷத்துக்கு மேல் பழமையான பெரிய துணிக்கடை நிறுவனம் இருக்கிறது. 2010 தீபாவளி முடிந்து அங்கே கிறிஸ்துமஸ் வியாபாரம் நடந்த மாதங்களில், டிரஸ், படுக்கை விரிப்பு, தரைவிரிப்பு என்று எதைத் தேடினாலும் அவர்கள்தான் முதலில் வந்தார்கள். சம்பந்தமே இல்லாத ஆயிரக்கணக்கான பக்கங்களில் அவர்களுக்கு லிங்க் வைக்கப்பட்டிருந்ததை 2011 பிப்ரவரியில் நியூயார்க் டைம்ஸ் வெளியே கொண்டுவந்தது. கூகுள் கை வைத்தது. 'சாம்சொனைட் கேரி ஆன் லக்கேஜ்' என்ற தேடலில் ஒரு புதன்கிழமை மாலை 7 மணிக்கு முதல் இடத்தில் இருந்தவர்கள், இரண்டு மணி நேரத்தில் 71-வது இடத்துக்குப் போனார்கள். லிங்க் வைத்தது எங்களுக்குத் தெரியாது என்று சொல்லி, தங்கள் ஏஜென்சியை நீக்கினார்கள். 2013 பிப்ரவரியில் பிரிட்டனில் பூ விற்கும் இன்டர்ஃப்ளோரா நிறுவனத்துக்கும் இதே கதை. உள்ளூர்ப் பத்திரிகைத் தளங்களில் காசு கொடுத்து எழுதவைத்த கட்டுரைகளில் லிங்க் வாங்கியிருந்தார்கள். அங்கே அன்னையர் தினம் வருவதற்குச் சில வாரங்களே இருந்த நேரத்தில் தேடலில் காணாமல் போனார்கள். ஓடி ஓடிச் சுத்தம் செய்து, 11 நாளில் திரும்பி வந்தார்கள். அத்தனை ஆட்கள் நம்மிடம் இல்லை, அதனால் நமக்கு இன்னும் கொஞ்சம் நாளாகும்.

வேலையை இப்படி ஆரம்பியுங்கள். சர்ச் கன்சோலில் 'லிங்க்ஸ்' பகுதிக்குப் போய், ஏற்றுமதி பொத்தானை அழுத்தி, மாதிரி லிங்க்குகள், சமீபத்திய லிங்க்குகள் இரண்டையும் இறக்கிக்கொள்ளுங்கள். பட்டியல் முழுமையானது இல்லை, ஆனால் போதும். ஏஹெச்ரெஃப்ஸில் சொந்தத் தளத்துக்கு இலவசமாகப் பார்க்கும் வசதி உண்டு, அதையும் எடுத்து ஒரே எக்செல் தாளில் சேருங்கள். தம்பியிடம் கேட்டு, ஏஜென்சி மாதாமாதம் அனுப்பிய ரிப்போர்ட் மெயில்கள் இருந்தால் தேடி எடுங்கள். அதைவிட நல்ல ஆதாரம் கிடையாது, எங்கெல்லாம் லிங்க் வைத்தோம் என்று அவர்களே எழுதிக் கொடுத்திருப்பார்கள்.

பிறகு ஆங்கர் டெக்ஸ்ட், அதாவது லிங்க் எந்தச் சொற்களின் மேல் இருக்கிறது என்று பாருங்கள். மனிதர்கள் மனசோடு கொடுக்கும் லிங்க் உங்கள் கடைப் பெயரில் இருக்கும், 'நாச்சியார்கோவில் விளக்கு' என்று இருக்கும், 'இங்கே பாருங்கள்' என்று இருக்கும், ஒன்று மாதிரி இன்னொன்று இருக்காது. காசு கொடுத்தது 'பை பிராஸ் லேம்ப் ஆன்லைன்' என்று ஒரே அச்சில் வார்த்த மாதிரி நூறு இடத்தில் இருக்கும். எது வார்ப்பு, எது அச்சு என்று உங்களுக்கு நான் சொல்லித் தர வேண்டியதில்லை.

அச்சில் வந்தவற்றை முடிந்த வரை எடுக்கச் சொல்லி அந்தத் தளங்களுக்கு எழுதுங்கள். பலர் பதில் போட மாட்டார்கள், சிலர் எடுப்பதற்குக் காசு கேட்பார்கள், கொடுக்காதீர்கள். என்றைக்கு யாருக்கு எழுதினீர்கள் என்பதை மட்டும் தாளில் குறித்து வையுங்கள். எடுக்க முடியாமல் மிஞ்சுவதுதான் டிஸ்அவோவுக்கு. ஒரு சாதாரண டெக்ஸ்ட் ஃபைல், வரிக்கு ஒரு முகவரி. ஒரு தளம் முழுவதையும் ஒதுக்க வேண்டுமானால் ஆங்கிலத்தில் டொமைன் என்று எழுதி, முக்காற்புள்ளி வைத்து, இடைவெளி விடாமல் தளத்தின் பெயர். இரண்டு இடத்தில் பலர் தடுக்கி விழுகிறார்கள். ஒன்று, சர்ச் கன்சோலில் தளத்தை 'டொமைன் பிராப்பர்ட்டி'யாக மட்டும் சேர்த்திருந்தால் டிஸ்அவோ வேலை செய்யாது, முழு முகவரியோடு இன்னொரு முறை சேர்க்க வேண்டும். இரண்டு, புதிதாக ஒரு ஃபைலை ஏற்றினால் அது பழையதோடு சேராது, பழையதை அழித்துவிட்டு அந்த இடத்தில் உட்காரும். அதனால் எப்போதும் முழுப் பட்டியலையும் ஏற்றுங்கள்.

ஒரு எச்சரிக்கை, இது நான் பட்டுத் தெரிந்துகொண்டது. சில வருஷங்களுக்கு முன் நண்பர் ஒருவரின் தளத்துக்காக, ஒரு கருவி சிவப்பு அடித்துக் கொடுத்த பட்டியலைத் திறந்துகூடப் பார்க்காமல் அப்படியே ஏற்றினேன். அதில் ஒரு கல்லூரித் துறையின் பக்கமும், ஊர்ச் செய்தி போடும் இரண்டு சின்னத் தளங்களும் இருந்தன. வடிவமைப்பு பழசாக இருந்ததால் கருவிக்குப் பிடிக்கவில்லை போலிருக்கிறது. அந்தத் தளத்துக்கு வந்ததிலேயே அவைதான் நல்ல லிங்க்குகள். உங்கள் விளக்கைப் பற்றி எழுதிய பயணக் கட்டுரையோ கைவினைக் கண்காட்சிப் பக்கமோ பட்டியலில் மாட்டியிருக்கலாம். ஒவ்வொன்றாகத் திறந்து, கண்ணால் பார்த்து முடிவு செய்யுங்கள்.

எல்லாம் முடிந்ததும் மேனுவல் ஆக்‌ஷன்ஸ் பக்கத்திலேயே மறுபரிசீலனைக்கு விண்ணப்பிக்கும் இடம் இருக்கிறது. அதை மனிதர்கள் படிக்கிறார்கள். நடந்ததை மறைக்காமல் எழுதுங்கள்: ஏஜென்சி வைத்தோம், லிங்க் வாங்கினார்கள், இத்தனை எடுத்தோம், இத்தனை மிஞ்சியது, இனி இல்லை. தாளை இணையத்தில் ஏற்றி, அதன் லிங்க்கையும் சேர்த்து எழுதுங்கள். பதில் வர வாரக்கணக்கில் ஆகலாம், முதல் முறை மறுக்கவும் செய்யலாம், அப்போது மீதியைத் தேடி எடுத்துவிட்டு மறுபடி அனுப்புங்கள். தண்டனை நீங்கினாலும் பழைய உயரம் உடனே வராது, ஏனென்றால் அந்த உயரத்தில் ஒரு பகுதி வாங்கியது. மீதி உங்களுடையது, அது வரும்.

"உங்கள் தளத்துக்கு லட்சம் ஆபாச லிங்க் அனுப்புவோம், அனுப்பாமல் இருக்க பணம் கட்டுங்கள்" என்று மெயில் வந்திருக்கிறது. – திருச்சி வாசகர்

கட்டாதீர்கள், பதிலும் போடாதீர்கள். மெயிலைப் பத்திரப்படுத்தி சைபர் கிரைமில் புகார் கொடுங்கள், 1930 என்ற எண் இருக்கிறது. ஒரு மாதம் லிங்க் பட்டியலை வாரம் ஒரு முறை பாருங்கள். நிஜமாகவே ஒரே மாதிரியான குப்பை வந்து குவிந்து, அதனால் மேனுவல் ஆக்‌ஷன் வரும் என்று உங்களுக்குத் தோன்றினால் மட்டும் அந்தத் தளங்களை டிஸ்அவோ ஃபைலில் போடுங்கள்.

பாரம்பரிய நெல் பற்றிப் பத்து வருஷமாக எழுதுகிறேன். மாப்பிள்ளைச் சம்பா, கருங்குறுவை என்று தேடினால் என் பக்கம்தான் முதலில் வரும். போன தையில் தளத்தைப் புது டிசைனுக்கு மாற்றினோம். அதிலிருந்து வருகை பாதிக்குக் கீழே. கெட்ட லிங்க் ஏதும் வரவில்லை, பார்த்துவிட்டேன். – கோவை வாசகர்

கெட்டது வந்ததா என்று மட்டும் பார்த்திருக்கிறீர்கள். நல்லது போய்விட்டதா என்று பார்த்தீர்களா? இந்தக் கேள்விதான் எனக்கு எல்லாவற்றையும்விட முக்கியமாகப் படுகிறது, ஏனென்றால் பேக்லிங்க்கைக் கண்காணிப்பது என்றாலே எதிரியைத் தேடுவது என்று எல்லோரும் நினைக்கிறார்கள். எனக்கு வரும் கடிதங்களில் சிறு தளங்கள் அடிபட்டது பெரும்பாலும் இருந்த நல்ல லிங்க் அறுந்து போனதால்தான்.

லிங்க்ஸ் பகுதியில் 'டாப் லிங்க்ட் பேஜஸ்' இருக்கிறது. மற்றவர்கள் உங்கள் தளத்தில் எந்தப் பக்கங்களைச் சுட்டுகிறார்கள் என்ற பட்டியல். ஒவ்வொரு முகவரியாக அழுத்திப் பாருங்கள். 404, பக்கம் இல்லை என்று எத்தனை வருகிறது? உங்கள் தளத்தை நான் போய்ப் பார்த்தேன். பழைய கட்டுரைகளின் முகவரி தமிழில் இருந்தது, புதிதில் எல்லாம் ஆங்கிலம். அதாவது விவசாயிகளும் மாணவர்களும் பத்து வருஷமாகக் கொடுத்த லிங்க்குகள் எல்லாம் ஆள் இல்லாத வீட்டு முகவரிக்குத் தபால் போட்ட மாதிரி நிற்கின்றன.

தமிழ் முகவரியில் இன்னொரு சிக்கலும் உண்டு, நம் ஆட்கள் தெரிந்துகொள்ள வேண்டியது. திரையில் தமிழாகத் தெரிந்தாலும் உள்ளே ஒவ்வொரு குறியும், அதாவது எழுத்தும் புள்ளியும் கொம்பும் தனித்தனியாக, சதவீதக் குறியும் எண்ணும் கலந்த ஒன்பது இடத்தைப் பிடிக்கும். தளம் நடத்தப் பலரும் பயன்படுத்தும் வேர்ட்பிரஸ் மென்பொருள் ஒரு கட்டுரையின் முகவரிக்கு ஒதுக்குவது 200 இடம். கணக்குப் போட்டால் 22 குறிகூடத் தாண்டாது, 'மாப்பிள்ளைச் சம்பா' என்று எழுதவே பதினேழு போய்விடும். அதனால் நீளமான தலைப்புகள் பாதியில் வெட்டுப்பட்டு நிற்கும். ஆங்கில எழுத்தில் சின்ன முகவரிக்கு மாறியது தப்பில்லை. மாறும்போது பழைய முகவரியிலிருந்து புதியதற்கு 301 ரீடைரக்ட், அதாவது பழையதைத் திறப்பவரைத் தானாகவே புதியதற்கு நிரந்தரமாக அனுப்பும் ஏற்பாடு, போடாததுதான் தப்பு.

இப்போதும் போடலாம். பழைய தளத்தின் பேக்கப் இருந்தால் முகவரிகள் அதிலேயே கிடைக்கும், இல்லையென்றால் சர்ச் கன்சோலிலும், தளங்களின் பழைய பக்கங்களைச் சேமித்து வைக்கும் வேபேக் மெஷினிலும் தேடி எடுக்கலாம். ஒவ்வொரு பழைய பக்கத்தையும் அதே விஷயத்தைப் பேசும் புதுப் பக்கத்துக்குத் திருப்புங்கள். எல்லாவற்றையும் முகப்புக்கே திருப்பிவிடலாம் என்று உங்கள் டிசைனர் சொல்வார், வேண்டாம். கருங்குறுவையைத் தேடி வந்தவரை வாசலில் நிறுத்தினால் அவர் திரும்பிப் போய்விடுவார், கூகுளும் அதை இல்லாத பக்கமாகவே எடுத்துக்கொள்ளும். பெரிய இடங்களிலிருந்து வரும் லிங்க்குகளுக்கு, அதை வைத்தவருக்கே ஒரு மெயில் எழுதி புது முகவரியைக் கொடுங்கள். நெல்லைப் பற்றி அக்கறை இருக்கிறவர்கள், மாற்றித் தருவார்கள்.

எங்கள் பள்ளியின் பழைய மாணவர் சங்கத் தளம். நாங்கள் போட்டதே 30 பக்கம். சர்ச் கன்சோலில் எங்களுடையதாக ஜப்பானிய எழுத்தில் ஆயிரக்கணக்கான பக்கங்கள், அவற்றுக்கு வெளியிலிருந்து லிங்க் வேறு. எங்கள் தளத்தைத் திறந்தால் அப்படி எதுவும் இல்லையே? – மதுரை வாசகர்

தளத்துக்குள் ஆள் புகுந்திருக்கிறார்கள். கூகுளுக்கு மட்டும் போலிக் கடைப் பக்கங்களைக் காட்டிவிட்டு, உங்களுக்குப் பழைய தளத்தையே காட்டுவார்கள். இது பல வருஷமாக உலகம் முழுக்க நடப்பது. லிங்க் பட்டியலைப் பார்த்ததால்தான் உங்களுக்குத் தெரிந்தது, நல்லவேளை.

டிஸ்அவோ இதற்கு மருந்து இல்லை. முதலில் சர்ச் கன்சோலின் 'யூசர்ஸ்' பகுதியில் தெரியாத ஆள் உரிமையாளராகச் சேர்ந்திருக்கிறாரா என்று பாருங்கள், பல நேரம் சேர்ந்திருப்பார்கள். அவரை நீக்கி, தளம் தன்னுடையது என்று காட்ட அவர் அதில் வைத்த சரிபார்ப்பு ஃபைலையும் அழியுங்கள். பிறகு ஹோஸ்டிங், வேர்ட்பிரஸ், மெயில் எல்லா பாஸ்வேர்டையும் மாற்றி, பயன்படுத்தாத பிளக்இன்களை (தளத்தில் கூடுதலாகச் சேர்த்த துணை மென்பொருள்களை) எடுத்து, சுத்தமான பேக்கப்பிலிருந்து தளத்தை மறுபடி ஏற்றச் சொல்லுங்கள். 'செக்யூரிட்டி இஷ்யூஸ்' பக்கத்தில் எச்சரிக்கை இருந்தால் சுத்தம் செய்த பிறகு அங்கேயே மறுஆய்வு கேட்கலாம். போலிப் பக்கங்கள் 404 ஆகிவிட்டால் அவற்றைச் சுட்டிய லிங்க்குகள் தன்னால் செத்துப்போகும்.

எங்கள் தமிழ்ச் சங்கத்தின் டொமைனை இரண்டு வருஷத்துக்கு முன் புதுப்பிக்க மறந்துவிட்டோம். பொறுப்பாளர் மாறியதில் அந்த மெயில் யாருக்கும் வரவில்லை. இப்போது அதே பெயரில் சூதாட்டத் தளம் ஓடுகிறது. – டொராண்டோ வாசகர்

படிக்கவே வருத்தமாக இருக்கிறது. அவர்களுக்கு வேண்டியது உங்கள் பெயர்கூட இல்லை, பல்கலைக்கழகமும் நூலகமும் மற்ற சங்கங்களும் இத்தனை வருஷம் உங்களுக்குக் கொடுத்த லிங்க்குகள். அந்த மதிப்பில் சூதாட்டத்தை ஏற்றிக்கொள்கிறார்கள். 2024 மார்ச்சில் கூகுள் இதற்கென்றே, காலாவதியான டொமைன்களை இப்படிப் பயன்படுத்துவதைத் தன் ஸ்பேம் விதிகளில் சேர்த்தது. ஸ்பேம் புகார்ப் படிவத்தில் விவரமாக எழுதுங்கள்.

டொமைனைத் திரும்ப வாங்குவது கஷ்டம், பேரம் பேசினால் விலை ஏறும். ஆனால் லிங்க் கொடுத்தவர்கள் எல்லாம் உங்களுக்குத் தெரிந்தவர்கள். ஏஹெச்ரெஃப்ஸ், மெஜஸ்டிக் போன்ற கருவியில் பழைய டொமைனைப் போட்டால் யார் யார் சுட்டுகிறார்கள் என்று வரும், அவ்வளவு பேருக்கும் சங்கத்தின் பெயரில் எழுதி, புது முகவரிக்கு மாற்றச் சொல்லுங்கள். தங்கள் பக்கத்திலிருந்து சூதாட்டத்துக்குப் போகும் லிங்க்கை எந்த நூலகமும் வைத்திருக்க விரும்பாது.

மற்ற சங்கங்களும் இன்றைக்கே ஒரு வேலை செய்யுங்கள். டொமைன் யார் மெயிலில் இருக்கிறது, எந்தத் தேதியில் முடிகிறது என்று பார்த்து, பத்து வருஷத்துக்குச் சேர்த்துப் பணம் கட்டிவிடுங்கள். உங்கள் தளத்தின் 'தோழமை அமைப்புகள்' பக்கத்தையும் ஒரு முறை அழுத்திப் பாருங்கள், அங்கே இருக்கும் பழைய லிங்க் இப்போது எங்கே போகிறது என்று.

இதையெல்லாம் எத்தனை நாளுக்கு ஒரு முறை பார்க்க வேண்டும்? வீட்டிலிருந்து ஊறுகாய் விற்கிறேன், நேரமே இல்லை. – விருதுநகர் வாசகி

மாதம் ஒரு முறை, பத்து நிமிஷம். முதல் வேலையாக மேனுவல் ஆக்‌ஷன்ஸ், செக்யூரிட்டி இரண்டையும் பாருங்கள். பிறகு அதிகம் சுட்டப்படும் பக்கங்களில் முதல் பத்தைத் திறந்து, எல்லாம் உயிரோடு இருக்கிறதா என்று பாருங்கள். சமீபத்திய லிங்க் பட்டியலை இறக்கி போன மாதத்து ஃபைலுக்குப் பக்கத்தில் வையுங்கள். அதில் உங்கள் மாவடு ஊறுகாயைச் சாப்பிட்டுவிட்டு யாராவது எழுதியிருந்தால், அவருக்கு நன்றி சொல்லி இரண்டு வரி அனுப்புங்கள்.